ஏரி மீனும் நம் உரிமையும்



கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவில் மீன் வளர்ப்பைப் பற்றி உரைப்பது சிலருக்கு வியப்பளிக்கலாம். 1927 மார்ச் 20-இல் மகாத் நகரின் சவுதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் இறங்கி நீர் அள்ளிப் பருகினார். அன்று நாம் நிலைநாட்டியது பருகும் உரிமை. குளத்தின் விளைச்சலில் நமக்குள்ள பங்கு யாது என்னும் வினா எஞ்சியே நிற்கிறது. ஏரி வற்றுங்கால் சேற்றில் இறங்கி வலை இழுப்போர் நம்மவர். குத்தகைச் சீட்டிலோ பெரும்பாலும் பிறர் பெயர்.

தொழில் கற்பதற்கு அரிதன்று. 1957-இல் ஒரிசாவில் ஈராலால் சௌத்ரி என்னும் அறிஞர், மீனின் பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசி வழியே செலுத்திக் கெண்டை இனங்களை முட்டையிடச் செய்தார். அதற்கு முன்னர்க் குஞ்சுகளுக்கு ஆற்று வெள்ளத்தையே பெரிதும் நம்பியிருந்தோம். கட்லா மேல்நீரிலும், ரோகு இடைநீரிலும், மிர்கால் அடித்தரையிலும் இரை தேடும். எனவே மூன்றும் ஒரே குளத்தில் தமக்குள் போட்டி குறைந்து வளரும். விரால் முதலிய கொன்றுண்ணிகளை முன்னரே அகற்ற வேண்டும். அதற்கு இலுப்பைப் பிண்ணாக்கு உதவும். பின்னர்ச் சுண்ணாம்பும் சாணமும் இட்டு, தவிடும் கடலைப் பிண்ணாக்கும் உணவாகக் கொடுத்தால் ஓராண்டிற்குள் ஒரு கிலோ எடையை எட்டும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தால் நீரில் உயிர்வளி குறைந்துவிட்டது என்று பொருள். இதைக் கண்டுகொள்ளப் பட்டம் வேண்டுவதில்லை, கண் வேண்டும்.

இடர் வேறிடத்தில் உள்ளது. ஆந்திரத்தின் கொல்லேறு ஏரியில் 1970-களில் மீனவர் சங்கங்களுக்கும் நலிந்தோர் சங்கங்களுக்கும் மீன்குளங்கள் அமைத்துத் தரப்பட்டன. முதலீடு இல்லாத சங்கங்கள் பல, பணமுடையோர்க்கு அவற்றைக் குத்தகைக்கு விட்டன. 2006-இல் சரணாலய எல்லைக்குள் இருந்த குளங்கள் அரசால் உடைக்கப்பட்டன. பெயரளவில் உரிமையாளராயிருந்த எளியோர்க்கு நிலமும் இல்லை, மீனும் இல்லை.

2020-இல் தொடங்கப்பெற்ற பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பட்டியல் சாதியினர்க்கும் மகளிர்க்கும் 60 விழுக்காடு வரை மானியம் வகுக்கப்பட்டது. இத்தகைய மானியங்கள் வருமிடமெல்லாம் நம் பெயரைக் கடன் கேட்டுப் பினாமிகளும் வருவர். சில ஆயிரம் ரூபாய்க்குக் கையொப்பம் இடுவதை நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம்.

உங்கள் ஊர் ஏரி ஊராட்சியின் பொறுப்பிலா, ஒன்றியத்தின் பொறுப்பிலா, நீர்வளத் துறையின் பொறுப்பிலா என்பதை முதலில் அறிந்து வாருங்கள். ஏல நாளைப் பலர் அறியாமலே ஏலம் முடிந்துவிடுகிறது. அலுவலகப் பலகையைத் தவறாது பார்த்துவர ஊருக்கு இரண்டு இளைஞர் முன்வர வேண்டுகிறோம். ஏலம் கேட்பதற்கான பணத்தை மகளிர் குழுக்களுடன் கூடி இப்போதே திரட்டத் தொடங்கலாம்.