குறைமாதக் குழந்தையும் தலையெழுத்தும்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் மேடையில் பேசத் தகுந்ததல்லவென்றும், பெண்டுகள் அடுப்பங்கரையில் பேசிக்கொள்ள வேண்டிய சங்கதியென்றும் சிலர் நினைக்கக்கூடும். அப்படி நினைத்து ஆண்பிள்ளைகள் ஒதுங்கிக்கொண்டதன் பலனாகத்தான், பிழைத்திருக்க வேண்டிய தாய்மாரும் சிசுக்களும் ஏராளமாய் மாண்டார்கள். ஆதலால் இதை ஆண்கள் முக்கியமாய்க் காதில் வாங்கிக்கொள்ள வேண்டுமென்று கேட்டுக்கொள்ளுகிறோம்.

கருவில் 40 வாரம் இருக்க வேண்டிய குழந்தை 37 வாரம் நிறைவதற்குள் பிறந்துவிட்டால் அதைக் குறைமாதக் குழந்தை என்கிறார்கள். 2020-ஆம் வருஷத்தில் மாத்திரம் உலகத்தில் சுமார் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் இப்படிப் பிறந்தன. அதாவது 10 குழந்தைக்கு ஒன்று. இவற்றில் ஏறக்குறைய 30 லட்சம் நம் இந்தியாவில் பிறந்தவை. எனவே இது எங்கோ ஒரு வீட்டில் நடக்கிற அதிசயமல்ல. நம் தெருவிலேயே நடக்கிற காரியம்.

நடந்தவுடன் நம்மவர்கள் என்ன சொல்லுகிறார்கள்? கிரகணத்தில் வெளியே வந்தாள் என்கிறார்கள். கண்ணேறு என்கிறார்கள். முன் ஜென்ம பாவம் என்கிறார்கள். தகப்பனுக்கு வியாபாரத்தில் நஷ்டம் வந்தால், தொட்டிலில் கிடக்கும் ஒன்றரைக் கிலோ ஜீவன்மேல் அந்த நஷ்டத்தையும் ஏற்றுகிறார்கள். போதாததற்கு, ஏழாம் மாதத்துக் குழந்தை பிழைக்கும், எட்டாம் மாதத்துக் குழந்தை பிழைக்காது என்று ஒரு சாஸ்திரம் வேறு! ஏழு நாழிகை வெந்தது சோறாம், எட்டு நாழிகை வெந்தது அரிசியாம்! ஒரு மாதம் கூடுதலாய் வளர்ந்த குழந்தைக்குப் பிழைக்கும் வழி அதிகமா குறைவா என்று சிறு பிள்ளையைக் கேட்டாலும் சொல்லுமே!

உண்மைக் காரணங்கள் வேறு. தாய்க்கு இரத்த அழுத்தம் ஏறுவது, தொற்று நோய், இரட்டைக் கரு, நஞ்சுக்கொடிக் கோளாறு முதலியவை சில. காரணமே புலப்படாத பிரசவங்களும் அநேகம். எப்படியிருந்தாலும் பெற்றவள் ஏதோ பாவம் செய்தாள் என்பதற்கு இதில் கடுகளவும் ஆதாரமில்லை.

சரி, எல்லாம் தலையெழுத்து என்பவர்களை ஒன்று கேட்கிறோம். 1963 ஆகஸ்ட்டில் அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்கு ஒரு மகன் ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்தான். இரண்டு கிலோவுக்கு மேல் எடையுமிருந்தான். பணத்திற்குக் குறைவில்லை, டாக்டர்களுக்குக் குறைவில்லை. ஆனாலும் நுரையீரல் முதிராததால் மூச்சுத் திணறி 39 மணி நேரத்தில் இறந்துபோனான். நுரையீரல் விரிந்து நிற்பதற்கு வேண்டிய ஒருவித வழுவழுப்பான பொருள் இக்குழந்தைகளுக்குப் போதாமலிருப்பதே காரணமென்று மேரி எல்லன் ஏவரி என்ற பெண் டாக்டர் 1959-லேயே கண்டிருந்தார். 1972-இல் நியூசிலாந்தில் லிக்கின்ஸ், ஹோவி என்ற இருவர், பிரசவத்திற்கு முன் தாய்க்கு ஒரு ஸ்டீராய்டு ஊசி போட்டால் சிசுவின் நுரையீரல் சீக்கிரம் முதிருகிறதென்று காட்டினார்கள். 1980-இல் ஜப்பானில் ஃபுஜிவாரா என்பவர் மாட்டு நுரையீரலிலிருந்து எடுத்த மருந்தைச் சிசுக்களின் மூச்சுக்குழலில் விட்டுப் பலன் கண்டார். அன்று ஜனாதிபதி மகனுக்குக் கிடைக்காத உயிர், இன்று கூலிக்காரன் மகனுக்கு ஜில்லா ஆஸ்பத்திரியில் கிடைக்கிறது. இடையில் பிரம்மா எழுத்தாணியை மாற்றிக்கொண்டாரா? மனிதன் அறிவை வளர்த்துக்கொண்டான், அவ்வளவுதான்.

இனித் தாயின் சங்கதி. ஐந்தாம் மாதத்திற்கு மேல் இரத்த அழுத்தம் 140-க்கு 90 அல்லது அதற்கு மேல் ஏறி, சிறுநீரில் புரதமும் போகுமானால் அது ஆபத்தின் அறிகுறி. விடாத தலைவலி, கண் மங்கல், மேல் வயிற்றில் வலி, முகமும் கையும் திடீரென்று வீங்குதல் இவையும் அப்படியே. கவனியாவிட்டால் ஜன்னி கண்டு கை கால் வெட்டி இழுக்கும். இதைத்தான் பேய் பிடித்தது, காற்றுக் கருப்பு அடித்தது என்று சொல்லி வேப்பிலை அடித்தார்கள். 2002-இல் வெளியான ஒரு பெரிய ஆராய்ச்சியில் 33 நாடுகளில் சுமார் 10,000 கர்ப்பிணிகளைச் சோதித்து, மக்னீசியம் சல்பேட் என்ற சாதாரண உப்பு மருந்து இந்த வலிப்பைப் பாதிக்கு மேல் தடுக்கிறதென்று கண்டார்கள். எந்த உடுக்கைக்கு இந்தச் சக்தி உண்டு?

ஆனால் இந்நோய்க்கு முடிவான பரிகாரம் பிரசவமே. அதனால்தான் டாக்டர் சில சமயம் மாதம் நிறையுமுன்பே குழந்தையை எடுத்துவிட வேண்டுமென்கிறார். அந்த வேளையில் பஞ்சாங்கத்தைப் புரட்டி, ராகு காலம் போகட்டும், நல்ல நட்சத்திரம் வரட்டும் என்று கையெழுத்துப் போடாமல் நிற்பது தாயையும் பிள்ளையையும் பணயம் வைப்பதாகும். அதேபோல் எந்த நோயுமில்லாத பெண்ணை, ஜாதகம் பிரமாதமாயிருக்க வேண்டுமென்று நாள் குறித்து முன்கூட்டியே அறுக்கச் சொல்லுவதும் அக்கிரமம். டாக்டரின் கத்தி நகர்ந்தால் நகர்ந்துபோகிற ஜாதகம் ஒரு ஜாதகமா?

சரி, குழந்தை பிழைத்தது. பிழைத்ததை வளர்ப்பதெப்படி? இதைத்தான் நாம் முக்கியமாய்ச் சொல்ல வந்தோம். உடம்பில் கொழுப்பில்லாததால் இக்குழந்தைக்குச் சீக்கிரம் குளிர்ந்துவிடும். 1978-இல் கொலம்பியா தேசத்தின் போகோட்டா நகரத்தில், சூட்டுப்பெட்டிகள் போதாத ஆஸ்பத்திரியொன்றில், எட்கார் ரே என்ற டாக்டர் குழந்தையைத் தாயின் வெறும் மார்போடு நிமிர்த்திக் கட்டிவிடச் செய்தார். கங்காரு முறை என்று இதற்குப் பெயர். 2021-இல் இந்தியா உள்ளிட்ட 5 நாடுகளில் உலக சுகாதார ஸ்தாபனம் நடத்திய ஆராய்ச்சியின் முடிவு வெளிவந்தது. எடை குறைந்த சிசுக்களைப் பிறந்தவுடனேயே இப்படி அணைத்து வைத்ததில், ஒரு மாதத்திற்குள் இறந்தவை 100-க்கு 12. முதலில் பெட்டியில் வைத்து, உடம்பு தேறிய பிறகே அணைத்தவற்றில் ஏறக்குறைய 16.

தோழர்களே! இதற்குப் பட்டமும் வேண்டாம், பணமும் வேண்டாம். மார்பு ஒன்று போதும். அது ஆணுக்கு இல்லையா? அறுவைக்காயத்தோடு கிடக்கும் தாய் தூங்குகிற இரண்டு மணி நேரம் தகப்பன் சட்டையைக் கழற்றிவிட்டுக் குழந்தையைச் சுமந்தால் ஆண்மை குறைந்துபோகுமா? பிள்ளைக்கு முதலெழுத்துக் கொடுக்க மாத்திரம் தகப்பன், பேணுவதற்குத் தாய் ஒருத்தியென்றால் இதில் என்ன நியாயம்?

செய்யாதவையும் சில உண்டு. சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டாதீர்கள். அக்குழந்தைக்கு அதைவிட மேலான மருந்தில்லை. சேனை வைப்பது, கழுதைப்பால் ஊற்றுவது, மூக்கில் எண்ணெய் விட்டு ஊதுவது இவற்றை விட்டொழியுங்கள். பார்க்க வருகிறவர்களெல்லாம் தூக்கி முத்தமிட வேண்டியதில்லை. கை கழுவாமல் தொட வேண்டாமென்று சொன்னால் எந்த உறவும் அறுந்துபோகாது.

வயதுக் கணக்கையும் தெரிந்துகொள்ளுங்கள். 30 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு ஆறு மாதமானால், முன்னால் வந்த 10 வாரத்தைக் கழித்து, சுமார் நாலு மாதக் குழந்தை என்றே அதன் வளர்ச்சியை மதிக்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளை குப்புற விழுந்தது, இது விழவில்லையே என்று தாயைக் குத்திக் காட்டக்கூடாது. தடுப்பூசிக்கு மாத்திரம் பிறந்த தேதியே கணக்கு. பிறந்த 30 நாளைக்குள் கண் டாக்டரிடம் விழித்திரையைக் காட்டிவிட வேண்டும். அந்த நோய் வெளியில் தெரியாது. தெரியும்போது பார்வை போயிருக்கும். காதுச் சோதனையையும் விடக்கூடாது. இந்தக் கெடுவைத் தவறவிட்டுப் பிற்பாடு கண்மலர் செய்து சாத்துவதில் பிரயோஜனமென்ன?

கடைசியாக, தாயை மறவாதீர்கள். பிரசவமானதும் ஆபத்து தீர்ந்ததென்று எண்ணக்கூடாது. அழுத்தமும் வலிப்பும் பிறகும் சில வாரம் வரை வரக்கூடும். பின்னாளில் இரத்த அழுத்தமும் இருதய நோயும் வருவதற்கு மற்றவர்களைவிட இவர்களுக்கு இடம் அதிகமாதலால் வருஷந்தோறும் பார்த்துக்கொள்ள வேண்டும். அடுத்த கர்ப்பத்தில் ஆரம்பத்திலேயே டாக்டரிடம் பழைய சங்கதியைச் சொல்ல வேண்டும். இன்னொன்று: குழந்தை மூச்சு விடுகிறதா என்று இரவெல்லாம் கையை வைத்துப் பார்த்துக்கொண்டு, தூக்கமற்று, காரணமில்லாமல் அழுகிற தாயைப் பிடாரி பிடித்தவள் என்று சொல்லாதீர்கள். அது பிரசவத்திற்குப்பின் வரும் மனச்சோர்வு, வைத்தியமுள்ள நோய். தகப்பனுக்கும் வருவதுண்டு.

ஆதலால் தோழர்களே, குறைமாதத்தில் ஒரு குழந்தை பிறந்தால் ஜோசியன் வீட்டைத் தேடி ஓடாதீர்கள். பரிகாரத்திற்கு ஒதுக்கும் பணத்தை ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் பஸ் செலவிற்கும் தாயின் சாப்பாட்டிற்கும் வைத்துக்கொள்ளுங்கள். நான்கு பேர் முறைவைத்து அவ்வீட்டு வேலையைப் பங்கிட்டுக்கொள்ளுங்கள். யார் செய்த பாவமென்று அவ்வீட்டு வாசலில் நின்று கேட்பதை விட்டு, இன்றிரவு குழந்தையை யார் சுமப்பது என்று கேளுங்கள். முந்தின கேள்வியால் ஒரு உயிரும் பிழைத்ததில்லை. பிந்தின கேள்வியால் பிழைத்தவை அநேகம் என்று சொல்லி இத்துடன் முடித்துக்கொள்ளுகிறோம்.