கோக்கடனும் குடிக்கடனும்

(தமிழுணர்வாளர் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

புறநானூற்றின் 18ஆம் பாடலைப் பாடியவர் குடபுலவியனார். பாடப்பெற்றவன் தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியன். பகைவரை வென்று நின்ற அவ் வேந்தனுக்குப் புலவர் கூறிய அறிவுரை போரைப் பற்றியது அன்று, நீரைப் பற்றியது. வானத்தையே நோக்கிக் கிடக்கும் நிலம் எத்துணை அகன்றதாயினும் ஆள்வோனுக்குப் பயன்படாது. ஆகலின், நிலம் பள்ளமாய்ச் சாய்ந்த இடங்களிலெல்லாம் நீரைத் தடுத்துத் தேக்குக என்பதே அவ் வறிவுரையின் பிழிவு.

ஈண்டு ஒன்றை ஊன்றி நோக்குதல் வேண்டும். புலவர் குடிமக்களிடம் சென்று, நீரைக் குறைத்துக் குடியுங்கள் என்று கூறினார் அல்லர். அரசனிடம் சென்றார். ஏன்? ஆயிரம் வீட்டார் ஆயிரம் குடங்களைச் சிக்கனமாகப் புழங்கினாலும் அதனால் ஓர் ஏரி உண்டாகிவிடாது. கரையை எழுப்புதல் கோக்கடன். எழுந்த கரையைக் காத்தலும், வண்டலை அள்ளுதலும், மடையைப் பேணுதலும் குடிக்கடன். பிற்காலத்தே குடிமராமத்து என்று வழங்கிய அச் சொல்லின் பின்பாதி வேற்றுச் சொல்லாயினும், அச் செயல் இம் மண்ணினது. கோவும் குடியும் தத்தம் கடனைச் செய்தமையால் ஏரி நிறைந்தது, வயல் விளைந்தது.

இற்றை நாளில் வறட்சியும் வெள்ளமும் ஓர் ஊர்க்கோ ஒரு நாட்டுக்கோ மட்டும் உரிய துன்பங்களாக இல்லை. நிலக்கரியும் கன்னெய்யும் எரிவளியும் எரிக்கப்படுவதால் எழும் கரிவளி, ஞாலத்தைப் போர்வைபோற் சூழ்ந்து, வெப்பம் வெளியேறவொட்டாமல் தடுக்கின்றது. தொழிற்புரட்சிக்கு முன்பு, காற்றின் பத்து நூறாயிரம் பங்கில் ஏறத்தாழ 280 பங்காக இருந்த கரிவளி, இன்று 420 பங்கையும் கடந்து நிற்கின்றது. இதனைக் குறைக்கும் கடன் யாருடையது? குடியினதா? கோவினதா? இவ் வினாவே இவ் வுரையின் பொருள்.

குடியினதே என்னும் விடை எங்கும் முழங்குகின்றது. விளக்கை அணை, மிதிவண்டியிற் செல், துணிப்பை எடு, ஊனுணவைக் குறை என்று அறிவுரைகள் அடுக்கடுக்காய் வருகின்றன. அவை தீயவை அல்ல. ஆயினும், அவற்றை ஆர்வத்தோடு பரப்பியோருள் யாவர் இருந்தனர் என்று கேட்டல் வேண்டும். ஒவ்வொருவரும் தம் வாழ்க்கையால் எவ்வளவு கரிவளியை வெளிவிடுகின்றனர் என்பதைக் 'கரிச்சுவடு' என்பர். இக் கருத்தை இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பொதுமக்களிடையே பரப்பியதிற் பெரும்பங்கு கொண்டது பி.பி. என்னும் பிரித்தானிய எண்ணெய் நிறுவனம். தத்தம் சுவட்டைத் தாமே அளந்து கொள்வதற்கான கணிப்பு முறையொன்றையும் 2004ஆம் ஆண்டில் அது மக்கள்முன் வைத்தது. எண்ணெய் விற்பவன், வாங்குபவனைப் பார்த்து, உன் குற்றத்தை நீயே கணக்கிட்டுக் கொள் என்கின்றான்! வாங்குபவனோ, வேறு வழி தனக்குத் திறந்திருக்கின்றதா என்று கேட்க மறந்து, தலைகுனிந்து கணக்கெழுதத் தொடங்குகின்றான்.

தனிமாந்தர் அடக்கம் எவ்வளவு தொலைவு செல்லும் என்பதை 2020ஆம் ஆண்டு காட்டிற்று. கொள்ளை நோய்க்கு அஞ்சி உலகமே கதவடைத்துக் கிடந்தது. வானூர்திகள் தரையில் நின்றன; சாலைகள் வெறிச்சோடின. எந்த அறிவுரையாலும் பெற முடியாத அடக்கத்தை அச்சம் பெற்றுத் தந்தது. அவ் வாண்டிற் குறைந்த கரிவளி வெளியீடோ ஏறத்தாழ 5 விழுக்காடே! அடுத்த ஆண்டே அஃது ஏறக்குறையப் பழைய அளவுக்கு மீண்டது. வெப்ப உயர்வை 1.5 பாகைக்குள் நிறுத்தவேண்டுமாயின், 2020 முதல் பத்தாண்டுகளுக்கு ஆண்டுதோறும் 7.6 விழுக்காடு குறைத்தாக வேண்டும் என்று ஒன்றிய நாடுகள் அவையின் சுற்றுச்சூழல் அமைப்பு 2019இல் கணித்திருந்தது. உலகமே வீட்டுக்குள் ஒடுங்கியும் அவ் வளவு எட்டப்படவில்லை. கரணியம் என்ன? வீட்டில் ஒடுங்கியிருந்தோர்க்கும் விளக்கு எரிந்தது. அவ் விளக்கின் வேர் அனல்மின் நிலையத்தில் இருந்தது. மாந்தர் நடை மாறிற்று. நடக்கும் வழி மாறவில்லை.

வழியை மாற்றிய நாடு ஒன்றைக் காண்போர்க்கு இவ் வுண்மை இன்னும் தெளிவுறும். 1973ஆம் ஆண்டில் எண்ணெய் நெருக்கடி உலகைத் தாக்கியபோது, தென்மார்க்கு நாடு தன் ஆற்றல் தேவையிற் பத்தில் ஒன்பது பங்குக்கு அயல்நாட்டு எண்ணெயையே நம்பியிருந்தது. அரசு முதலிற் சிக்கனத்தையே நாடிற்று. அவ் வாண்டு நவம்பர் 25ஆம் நாள் தொடங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் உந்து ஓட்டுதல் தடுக்கப்பட்டது. நெடுஞ்சாலைகளில் மிதிவண்டியரும் நடந்து செல்வோரும் நிறைந்தனர். மக்கள் முகஞ்சுளிக்காமல் ஒத்துழைத்தனர். ஆனால், அடுத்த பிப்ரவரியோடு தடை நீங்கிற்று, உந்துகள் மீண்டன. சிக்கனம் ஒரு குளிர்காலத்தைக் கடத்திற்று, நாட்டை மாற்றவில்லை.

நாட்டை மாற்றியது, அதன் பின்னர் அரசு நிலத்துக்கடியிற் புதைத்த குழாய். அனல்மின் நிலையத்தில் எரியும் எரிபொருளின் ஆற்றலிற் பாதிக்கு மேற்பட்டது மின்னாகாமல் வெப்பமாகவே கழிந்து போகின்றது. அவ் வெப்பத்தால் நீரைக் காய்ச்சிக் குழாய்வழி வீடுதோறும் செலுத்தினால், வீட்டுக்கொரு எண்ணெய் அடுப்பு வேண்டுவதில்லை. குளிர்நாட்டில் இஃது எத்துணைப் பெரிய பேறு என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. 1979இல் வெப்ப வழங்கற் சட்டம் இயற்றப்பெற்றது. எந்தப் பகுதிக்கு எவ் வழியில் வெப்பம் வழங்குவது என்று திட்டமிடும் பொறுப்பு அந்தந்த ஊராட்சிகளிடம் ஒப்படைக்கப்பெற்றது. இன்று அந்நாட்டு வீடுகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இவ் வாறே வெப்பம் பெறுகின்றன. நிலையத்தில் நிலக்கரிக்கு மாற்றாக வைக்கோலும் மரத்துண்டும் கழிவும் வந்தபோது, அத்தனை வீடுகளும் ஒருங்கே மாறின. வீட்டார் ஒருவரும் தம் அடுப்பை மாற்றவில்லை. எவரும் எவரையும் குற்றஞ் சாட்டவில்லை. பொது அமைப்பின் ஆற்றல் இதுவே. அஃது ஊக்கமுடையானையும் சோம்பலுடையானையும், உடையானையும் இல்லானையும் ஒருங்கே கரையேற்றுகின்றது.

எனின், குடிமகனுக்கு அங்கு வேலையே இல்லையா? இருந்தது, மிகப் பெரிதாகவே இருந்தது. அந்நாட்டின் மேற்குப் பகுதியில் உல்பொர்க்கு என்னும் ஊரையடுத்த துவிண்டு பள்ளியைச் சார்ந்த ஆசிரியரும் மாணவரும் தொண்டர்களும், 1975இல் தம் கைகளாலேயே ஒரு மாபெருங் காற்றாலையைக் கட்டத் தொடங்கினர். 1978இல் அது சுழன்றது. அணுவுலை வேண்டா என்று பல்லாயிரவர் ஆண்டுக்கணக்கில் இயக்கம் நடத்தினர். 1985இல் நாடாளுமன்றம் அணுவுலையைத் தன் திட்டத்தினின்று நீக்கிற்று. காற்றாலை நிறுவுவோர்க்கு முதலீட்டில் 30 விழுக்காட்டை அரசு தரும் திட்டம் 1979இல் தொடங்கவே, உழவரும் ஊராரும் கூட்டுறவாகச் சேர்ந்து ஆலைகளை நிறுவினர். உலகின் முதற் கடற் காற்றாலைத் தொகுதி 1991இல் விண்டெபி அருகே 11 ஆலைகளோடு எழுந்தது. 2000ஆம் ஆண்டில் கோப்பன்கேகன் நகரின் எதிரே கடலில் எழுந்த 20 ஆலைகளிற் பாதிக்கு உரிமையாளர், எண்ணாயிரத்துக்கு மேற்பட்ட உறுப்பினரைக் கொண்ட கூட்டுறவினர். இன்று அந்நாட்டு மின்னாக்கத்திற் பாதிக்கு மேற்பட்டது காற்றினின்றே வருகின்றது.

தென்மார்க்கு குற்றமற்ற நாடு என்பது இதன் கருத்தன்று. வடகடலில் அதுவும் எண்ணெய் எடுத்து விற்றது. அவ் வகழ்வை 2050க்குள் முடிப்பதென்று 2020இல்தான் முடிவு செய்தது. ஆயினும், அது கற்பிக்கும் பாடம் தெளிவானது. அங்குக் குடிமகன், தன் ஒருவன் வாழ்க்கையைத் தூய்மை செய்துகொண்டு ஒதுங்கி நிற்கவில்லை. பலரோடு கூடினான், பொது அமைப்பை வேண்டினான், தானும் பங்கிட்டுக் கட்டினான். அரசும் வெற்றறிவுரை கூறி விலகவில்லை, சட்டம் செய்தது, பணம் தந்தது, குழாய் புதைத்தது.

இத் திறம் தமிழகத்துக்குப் புதியதும் அன்று. 1986இல் தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டிற் பொதுத்துறை முயற்சியாகக் காற்றாலைகள் நிறுவப்பெற்றன. பின்னர்த் தென்மார்க்கு அரசின் உதவியோடு கயத்தாற்றிலும் முப்பந்தலிலும் ஆலைகள் எழுந்தன. அரசு கரை எழுப்பிக் காட்டிய பின்னரே தனியார் முதல் வந்து குவிந்தது. இன்று தமிழகக் காற்றாலைகளின் திறன் 11,000 மெகாவாட்டுக்கும் மேல். ஆயினும், காற்று மிகுந்து வீசும் திங்கள்களில், விளையும் மின்னைக் கொண்டு செல்லக் கம்பித்தடம் போதாமையால் ஆலைகள் நிறுத்தி வைக்கப்பட்ட ஆண்டுகள் உண்டு. காற்று வீசிற்று; இறக்கை இருந்தது; தடம் இல்லை! அந்நாளில் மதுரையிலோ சேலத்திலோ ஒருவர் தம் வீட்டு விளக்கை அணைத்ததனால் அத் தடம் எழுந்திருக்குமா? அது கோக்கடன். அக் கடனை எந்தக் குடிமகனின் நோன்பும் ஈடுசெய்யாது.

பேருந்தையும் இவ் வாறே எண்ணுக. ஒரு நாளைக்கு இருமுறை மட்டும் பேருந்து வரும் சிற்றூரிற் கூலி வேலைக்குச் செல்வோன், வட்டிக்குக் கடன் வாங்கி ஓர் இருசக்கர உந்தை வாங்குகின்றான். அவனைப் பார்த்து, கன்னெய்யை எரிக்கின்றாயே என்று பழித்தல் முறையாகுமா? அவனுக்குத் தேர்வு என்பது ஏது? பொதுப்பணிக்கு அரசிடம் பணம் இல்லை என்போர் ஈண்டே விடை காணலாம். அரசு செலவிடாத பணம் மிஞ்சிவிடுவதில்லை. வீட்டுக்கொரு உந்தாக, கடைக்கொரு மின்னாக்கியாக, தெருவுக்கொரு நீருந்தாக அப் பணத்தைக் குடிமக்களே பன்மடங்காகச் செலவிடுகின்றனர். அதற்கு வட்டியும் கட்டுகின்றனர். அத்தனையும் கரியைக் கக்குகின்றன. பொதுச் சிக்கனம் என்று பெயரிட்டு நடப்பது, குடிகள்மீது சுமத்தப்படும் மறைமுக வரியே.

பெரும்பணி என்று பெயரிட்டவையெல்லாம் நற்பணி ஆகிவிடா என்பதும் உண்மையே. மேய்ச்சல் நிலத்தை மறித்துக் கதிரொளித் தகடு பரப்பினாலும், மீனவரைக் கேளாமற் கடலில் தூண் நட்டாலும் அது கோக்கடன் ஆகாது, கொடுங்கோலே ஆகும். தென்மார்க்கில் ஊராட்சி திட்டமிட்டது. ஊரார் பங்கு பெற்றனர். ஆகலின் ஆலையைத் தமதென்று போற்றினர். ஊரைக் கேட்டுச் செய்யும் பணியே ஊரில் நிலைக்கும்.

ஆகவே, தமிழ்ப் பெருமக்களே! எளிமையை விட்டுவிடுதல் வேண்டா. மிதிவண்டி ஊர்வோர் ஊர்க, விளக்கணைப்போர் அணைக்க. ஆனால், அதனோடு கடன் முடிந்ததென்று உறங்கிவிடுதல் கூடாது. தம் ஊர்க்குப் பேருந்து எத்தனை முறை வருகின்றது, தம் மாவட்டத்து மின்தடம் எப்பொழுது எழும், தம் ஊரேரியின் கரை எப்பொழுது உயரும் என்று ஊராட்சி மன்றத்திலும் சட்டமன்ற உறுப்பினரிடத்தும் கேட்டு விடைபெறுதல் அதனினும் பெரிய குடிக்கடன். வாக்குக் கேட்டு வருவோனிடம் கேட்கப்படும் அவ் வொரு வினா, ஓராண்டு முழுதும் அணைக்கப்பட்ட விளக்கினும் பெரும்பயன் தரும்.

வென்ற வேந்தனின் முகத்துக்கு நேரே நின்று, நீர்நிலை அமைக்க என்று கேட்க ஒரு புலவர்க்கு நாவிருந்தது. அந் நா இன்று ஒவ்வொரு குடிமகனுக்கும் வேண்டும். கரையைக் கோ எழுப்புக! எழுப்பாவிடிற் குடி எழுக! எழுந்த கரையை இருவரும் காக்க!