ஆற்று மணலில் ஒரு வீடு



ஆர்.கே.புரத்திலிருந்து ஊருக்குப் போனவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். சென்னை ரயில் ஆக்ராவைத் தாண்டும். தோல்பூர் வரும். அடுத்து ஒரு பெரிய பாலம் வரும். கீழே ஓடுவது சம்பல் ஆறு. அங்கே தண்ணீர் தெளிவாக இருக்கும். இரு பக்கமும் வெள்ளை மணல் தெரியும்.

நீண்ட மூக்கு முதலையைக் காப்பாற்ற 1978, 1979 ஆண்டுகளில் இந்த ஆற்றைச் சரணாலயம் ஆக்கினார்கள். முதலையோடு பறவைகளும் பிழைத்தன. மாலையில் படகில் போய் அவற்றைப் படம் எடுக்கிறார்கள்.

கரையோரம் ஆழம் இல்லாத தண்ணீரில் நடந்து இரை தேடும் பறவைகள் உண்டு. பவளக்கால் உள்ளான் அதில் ஒன்று. அதன் கால் நீளம், சிவப்பு நிறம். ஆற்று ஆள்காட்டி இன்னொன்று. ஆள் வந்தால் கத்திக் காட்டிக்கொடுக்கும். அதனால்தான் அந்தப் பெயர்!

படம் எடுப்பது எப்படி? சூரியன் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். தூரத்திலேயே படகின் வேகத்தைக் குறைக்க வேண்டும். நேராகப் போகாமல், ஓரமாக மெல்லப் போக வேண்டும். பறவை இரை தேடுவதை நிறுத்தித் தலை தூக்குகிறதா? அதுதான் எல்லை. அதற்கு மேல் ஒரு துடுப்பும் போடக் கூடாது.

சிலர் மணல் திட்டில் இறங்கிவிடுகிறார்கள். இது பெரிய தவறு. ஏன் தெரியுமா?

மார்ச் முதல் ஜூன் வரை ஆற்று ஆள்காட்டி வெறும் மணலில் முட்டை இடும். மூன்று அல்லது நான்கு முட்டை இருக்கும். முட்டையின் நிறமும் மணலின் நிறமும் ஒன்றுபோல் இருக்கும். கால் வைத்த பிறகுதான் தெரியும். தாய் பயந்து எழுந்து போனால் வெயிலில் முட்டை வெந்துவிடும். வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்து வந்து முட்டையைக் குளிரவைக்கும் பறவை அது!

ஆபத்து இதோடு முடியவில்லை. தண்ணீர் குறைந்தால் மணல் திட்டு கரையோடு சேர்ந்துவிடும். நாயும் மாடும் நடந்தே வந்துவிடும். மணல் அள்ளத் தடை இருக்கிறது. ஆனாலும் திருட்டுத்தனமாக அள்ளுகிறார்கள். நமக்கு அது வீடு கட்டும் மணல். பறவைக்கு அந்த மணலேதான் வீடு.

சம்பலுக்குப் போக வசதி இல்லையா? கவலை வேண்டாம். ஆர்.கே.புரம் மெட்ரோவில் ஏறினால், வண்டி மாறாமலே ஓக்லா பறவைகள் சரணாலயம் நிலையத்தில் இறங்கலாம். அது யமுனைக் கரை. 1990இல் சரணாலயம் ஆனது. பிள்ளைகளை அழைத்துப் போங்கள். கையில் செல்போன் இருந்தால் போதும். படத்தில் பறவை சிறியதாகத் தெரிந்தால் தெரியட்டும். அது பயப்படாமல் இரை தின்னும் படமே நல்ல படம்.