வெகுளிக்கு என்ன தெரியும்?



தலைமை உரை நீண்டால் அது முதல் அமர்வின் நேரத்தைத்தான் தின்னும். ஆகவே இலக்கியத்திலும் திரையிலும் வரும் வெகுளியைப் பற்றி ஒரே ஒரு சந்தேகத்தை மட்டும் சொல்லி விலகிக்கொள்கிறேன். அவனைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அவனுக்குத் தெரியாததையே பட்டியல் போடுகிறோம். அவனுக்கு என்ன தெரியும் என்று கேட்பதில்லை.

சேக்கிழாரின் பெரியபுராணத்தில் கண்ணப்ப நாயனாராகும் வேடர் திண்ணனாரைப் பாருங்கள். சிவலிங்கத்துக்கு வாயில் கொண்டுவந்த நீரால் திருமஞ்சனம், தலையில் சூடிவந்த பூ, தானே சுவைத்துப் பார்த்த இறைச்சி. அங்கே முறைப்படி பூசை செய்யும் சிவகோசரியார் பதறிப்போகிறார். ஆனால் இறைவன் கண்ணில் குருதி கண்டதும் இந்த வேடன் செய்வதைக் கவனியுங்கள். முதலில் வில்லை எடுத்துக்கொண்டு, எய்தவன் எவன் என்று தேடுகிறார். யாரும் அகப்படவில்லை. பச்சிலை பறித்துவந்து பிழிகிறார். குருதி நிற்கவில்லை. அதன்பிறகே ஊனுக்கு ஊன் மருந்து என்று கேட்டது நினைவுக்கு வருகிறது. தன் கண்ணைத் தோண்டி அப்புகிறார்; குருதி நிற்கிறது, ஆனால் இறைவனின் மறுகண்ணில் வழியத் தொடங்குகிறது. தன் இரண்டாவது கண்ணைத் தோண்டுமுன், பார்வை போனால் இடம் தெரியாதே என்று இறைவனின் கண்ணில் காலை ஊன்றி அடையாளம் வைத்துக்கொள்கிறார். இதைவிடத் திட்டமிட்ட செயல் உண்டா? அவருக்கு ஆகமம் தெரியாது, காடு தெரியும்.

தஸ்தயெவ்ஸ்கியின் 'அசடன்' நாவலிலும் அப்படித்தான். வலிப்பு நோய்க்குச் சிகிச்சை பெற்று ஸ்விட்சர்லாந்திலிருந்து திரும்பும் மிஷ்கின், தூரத்து உறவைத் தேடிப்போன வீட்டில் முதலில் காட்டுவது தன் எழுத்தழகை. இடைக்காலத் துறவி ஒருவரின் கையெழுத்துப் பாணியை அப்படியே எழுதிக்காட்டுகிறான். சூது தெரியாதவன்தான்; மூளையில்லாதவன் அல்ல.

நம் திரைக்கு வருவோம். '16 வயதினிலே' (1977) படத்தில் ஊர் ஏவிய வேலையெல்லாம் செய்யும் சப்பாணிக்குக் கோபாலகிருஷ்ணன் என்று ஒரு பெயர் இருப்பதை நாயகி மயில்தான் மதிக்கிறாள். சப்பாணி என்று கூப்பிட்டால் அறைந்துவிடச் சொல்லிக்கொடுக்கிறாள். அவன் அறைகிறான். கற்றுக்கொள்ளும் வெகுளி அவன். கடைசியில், மயிலிடம் அத்துமீற வரும் பரட்டைமேல் அவன் போடும் கல்லுக்கு அந்த அறைதான் ஒத்திகை என்பேன்.

'சின்னத்தம்பி' (1991) வேறு ரகம். ஊருக்குள்ளேயே வளர்ந்த வாலிபனுக்குத் தாலி என்றால் என்னவென்று தெரியாதாம்! நாம் நம்பினோம், படமும் பிரமாதமாக ஓடியது. ஏன் நம்பினோம்? தெரிந்தே கட்டியிருந்தால் பெரிய வீட்டுப் பெண்ணைக் கூலிக்காரன் தொட்ட குற்றம். தெரியாமல் கட்டினால் குற்றவாளி யாருமில்லை. அந்தப் பெண் நந்தினியின் விருப்பத்தையும் அவளுடைய அண்ணன்மார் கோபத்தையும் நேருக்கு நேர் மோதவிடத் தயங்கிய கதை, நடுவே ஓர் அப்பாவியை நிறுத்திக்கொண்டது. திண்ணனாருக்குக் காடு தெரிந்ததுபோல இவனுக்குப் பாட்டுத் தெரியும். கடைசியில் நந்தினியை நினைவுக்கு மீட்பதும் அந்தப் பாட்டுத்தான்.

பெண் வெகுளியாக வந்தால் சிக்கல் இன்னும் கூடுகிறது. 'மூன்றாம் பிறை' (1982) விஜி, தலையில் அடிபட்டுக் குழந்தை மனத்துக்குத் திரும்பியவள். படம் முடியும்போது, அவளைத் தன் வீட்டில் வைத்துப் பராமரித்த சீனுவுக்காக அழாதவர் குறைவு. முன்பின் தெரியாத ஒருவன் வீட்டில் தான் வாழ்ந்த நாட்களைப் பற்றி விஜி என்ன நினைப்பாள் என்று படமும் கேட்கவில்லை, நாமும் கேட்கவில்லை. பிற்பகல் அமர்வில் பெண் பாத்திரங்களைப் பற்றி வாசிக்க இருப்பவர்கள் இந்த இடத்தைத் தொட்டுப் பேசினால் மகிழ்வேன்.

ஒரு வேண்டுகோள். கட்டுரையை முழுதும் வாசிக்காமல் சாரத்தைச் சொல்லுங்கள். விவாதத்துக்கு நேரம் விடுங்கள். கருத்தரங்கைத் தொடங்கிவைத்து, முதல் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.