காடு சொல்லித்தரும் தலைமைப் பாடம்

(கூட்டமைப்பின் ஆண்டுப் பேரவைக் கூட்டத்தில் பயிற்சிக் குழு சார்பில் ஆற்றிய உரை)

 

தலைமைப் பயிற்சி என்றால் நமக்கு என்ன ஞாபகம் வரும்? ஒரு ஹால், பிளாஸ்டிக் நாற்காலி, சுவரில் ஒட்டிய சார்ட், நடுவில் டீயும் வடையும். நல்ல தலைவிக்கு இருக்க வேண்டிய பண்புகளை வரிசையாகச் சொல்வார்கள். நாமும் நோட்டில் எழுதிக்கொள்வோம். அடுத்த மாதக் கூட்டத்தில் என்ன நடக்கும்? அதே ஊக்குநர் பேசுவார், அதே பிரதிநிதி வங்கிக்குப் போவார், மற்றவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போவோம். "எனக்கு என்ன தெரியும், அக்கா பார்த்துக்குவாங்க" என்ற பேச்சு எத்தனை குழுவில் கேட்கிறது!

அந்த அக்காவுக்கு ஒரு நாள் உடம்புக்கு முடியாமல் போனால்? மகள் வீட்டோடு போய்விட்டால்? எத்தனையோ குழுக்கள் கடன் பாக்கியால் கலையவில்லை, அடுத்து பொறுப்பேற்க ஆள் இல்லாமல்தான் கலைந்தன. அதனால்தான் இன்று வேறு மாதிரியான ஒரு பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறோம். அதற்குச் சுவரும் இல்லை, கூரையும் இல்லை. காடு, மலை, ஆறு இவைதான் வகுப்பறை.

காடு என்றால் என்ன?

நம்மில் பல ஊர்களில் "காட்டுக்குப் போறேன்" என்றால் வயலுக்குப் போகிறேன் என்று அர்த்தம். விறகு, தழை, புளி, சுண்டைக்காய் என்று காடு நமக்கு வேலை செய்கிற இடம்.

அமெரிக்காவில் 1964-ல் வனப்பாதுகாப்புக்காக ஒரு சட்டம் போட்டார்கள். மனிதர் கைபட்டு மாறாத இடம், மனிதர் வந்து போகிற விருந்தாளியாக மட்டும் இருக்கும் இடம், அதுதான் வனாந்தரம் என்று அந்தச் சட்டம் சொன்னது. ஆனால் அங்கேயும் பல காடுகளில் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள்தான். 1974 மார்ச் 26-ல் இமயமலையில் ரேணி என்ற கிராமத்தில் மரம் வெட்ட வந்தவர்களைத் தடுத்த கௌரா தேவியும் அவரோடு நின்ற பெண்களும் காட்டைத் தாய்வீடாகவே பார்த்தார்கள். கௌரா தேவி பள்ளிக்கூடம் போகாதவர், இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். ஊர் மகளிர் மன்றத்தின் தலைவி. அன்றைக்கு ஊர் ஆண்கள் வெளியே போயிருந்தார்கள். முடிவெடுக்க வேறு யாரும் இல்லை. அவர் எடுத்தார்.

விருந்தாளியாகப் போனாலும் சரி, தாய்வீடாக நினைத்தாலும் சரி, காட்டுக்கு ஒரு குணம் உண்டு. அங்கே நமக்காக வேறொருவர் செய்துவிட மாட்டார். மழை வந்தால் நனைவோம், தண்ணீர் கொண்டுபோகாவிட்டால் தாகத்தில் தவிப்போம், வழி தப்பினால் நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். யாருடைய சிபாரிசும் அங்கே செல்லாது. அதனால்தான் காடு நல்ல வாத்தியார்.

ஒரு நாள் தலைவர்

இதை ஒரு பாடமாகவே ஆக்கியவர்கள் இருக்கிறார்கள். 1941-ல், உலகப் போர் நடந்தபோது, குர்ட் ஹான் என்ற ஆசிரியர் வேல்ஸ் நாட்டின் கடற்கரை ஊரான அபர்டோவியில் இளைஞர்களுக்காக ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கினார். கப்பல் மூழ்கினால் படகில் தத்தளிக்கும்போது மனம் தளராமல் இருக்கவும், ஒருவருக்கொருவர் உதவவும் பழக்குவதுதான் நோக்கம். 1965-ல் அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் பால் பெட்சோல்ட் என்ற மலையேறுபவர் இன்னொரு பள்ளி தொடங்கினார். அதே 1965-ல் நம் நாட்டில் உத்தரகாசியில் நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனம் ஆரம்பமானது.

பெட்சோல்ட் தொடங்கிய பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. பத்துப் பன்னிரண்டு பேர் மூட்டை தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போவார்கள். தினம் ஒருவர் அன்றைக்குத் தலைவர். எந்த வழியில் போவது, எங்கே உட்காருவது, எப்போது சமைப்பது என்று அவர்தான் பார்க்க வேண்டும். நேற்று தலைவராக இருந்தவர் இன்று மூட்டை தூக்கிப் பின்னால் நடப்பார். பேசவே கூச்சப்படுகிற பெண்ணுக்கும் முறை வரும், எல்லாம் தெரியும் என்கிறவருக்கும் அடங்கி நடக்கிற முறை வரும்.

சாயங்காலம் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து பேசுவார்கள். இன்றைக்கு எது நன்றாக நடந்தது, எதை மாற்றிச் செய்யலாம் என்று தலைவர் முகத்துக்கு நேராகவே சொல்வார்கள், முதுகுக்குப் பின்னால் இல்லை.

தலைமை நாலு விதம் என்று அங்கே சொல்லித்தருகிறார்கள். பொறுப்பேற்று நடத்துவது ஒன்று. தலைவர் சொல்வதைப் புரிந்து, சந்தேகம் இருந்தால் கேட்டு, முழு மனதோடு செய்வது இரண்டாவது. பக்கத்தில் இருப்பவர் கேட்காமலே கை கொடுப்பது மூன்றாவது. தன்னைத் தானே கவனித்துக்கொள்வது நாலாவது. பாருங்க, இதில் பதவி என்பது ஒன்றில்தான் வருகிறது. மற்ற மூன்றும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிற உறுப்பினருக்கும் உரியவை.

தேநீர் கொண்டுபோன வீராங்கனை

நம்மைப் போலக் கிராமத்தில் பிறந்த ஒரு பெண்ணைப் பார்ப்போம். பச்சேந்திரி பால், 1954-ல் உத்தரகாசி மாவட்டத்தில் நகுரி என்ற மலைக் கிராமத்தில் பிறந்தவர். வசதி இல்லாத குடும்பம். தையல் வேலை செய்து படிப்புச் செலவுக்குச் சம்பாதித்தார். எம்.ஏ., பி.எட். முடித்தும் தகுந்த வேலை கிடைக்கவில்லை. நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தில் சேர்ந்தார்.

1984-ல் எவரெஸ்ட் ஏறப்போன இந்தியக் குழுவில் அவருக்கு இடம் கிடைத்தது. மே 15-ம் தேதி இரவு, 7,000 மீட்டருக்கு மேலே கூடாரத்தில் தூங்கிக்கொண்டிருந்தபோது பனிச்சரிவு வந்து மூடியது. கூட இருந்தவர் கத்தியால் கூடாரத்தைக் கிழித்து அவரை வெளியே இழுத்தார். தலையின் பின்பக்கம் அடி. காயம்பட்ட பலர் கீழே இறங்கிவிட்டார்கள். அவர் இறங்கவில்லை. மே 23-ம் தேதி மதியம் 1 மணி 7 நிமிடத்துக்கு உச்சியில் நின்றார். எவரெஸ்ட் ஏறிய முதல் இந்தியப் பெண் அவர்தான்.

உச்சிக்குப் போனது எல்லோருக்கும் தெரியும். அதற்கு முந்தின நாள் நடந்ததுதான் நமக்குப் பாடம். கடைசி முகாமுக்கு அவர் முன்னாலேயே வந்து சேர்ந்துவிட்டார். கூட வந்த சிலர் இன்னும் கீழே, களைத்துப்போய் ஏறிக்கொண்டிருந்தார்கள். அவர் ஒரு பிளாஸ்கில் பழச்சாறு, இன்னொன்றில் சூடான தேநீர் நிரப்பிக்கொண்டு, அந்தப் பனிக்காற்றில் மறுபடியும் கீழே இறங்கிப் போய் அவர்களுக்குக் கொடுத்தார். குழுத் தலைவர் அவர் இல்லை. யாரும் போகச் சொல்லவும் இல்லை. நாம் சொன்ன மூன்றாவது தலைமை இதுதான்.

பிறகு அவர் மற்ற பெண்களையும் கூட்டிக்கொண்டு போனார். 1993-ல் இந்திய, நேபாளப் பெண்களின் எவரெஸ்ட் குழுவுக்குத் தலைமை தாங்கினார். அதில் 7 பெண்கள் உச்சி தொட்டார்கள். 1994-ல் 18 பெண்களோடு ஹரித்வாரிலிருந்து கல்கத்தா வரை கங்கையில் ரப்பர் படகில் 2,155 கிலோமீட்டர் போனார். 39 நாள் ஆனது.

நம்ம ஊரில் வயதானவர்களைப் பார்த்து "வீடு போ போங்குது, காடு வா வாங்குது" என்பார்கள். அவரும் 2022-ல் 50 வயது தாண்டிய பெண்களைத்தான் அழைத்தார். அருணாசலப் பிரதேசத்தின் எல்லையில் தொடங்கி லடாக் வரை இமயமலை நெடுக நடந்தார்கள். கிளம்பும்போது அவருக்கு வயது 67. காடு வா வா என்றது, அவர்கள் போய்விட்டு நல்லபடியாகத் திரும்பியும் வந்தார்கள்!

நமக்கு எவரெஸ்ட் வேண்டாம்

"இதெல்லாம் நமக்குச் சரிப்படுமா? வீட்டில் விடுவாங்களா?" என்று நீங்கள் நினைப்பது புரிகிறது. பழனிக்கும் சமயபுரத்துக்கும் பாதயாத்திரை போகிறவர்கள்தானே நாம்? எங்கே தங்குவது, யாருக்குக் கால் கொப்புளம், எப்போது கிளம்பினால் வெயிலுக்கு முன் போய்ச் சேரலாம் என்று முடிவெடுக்கத் தெரிந்தவர்கள்தானே? இதையும் குழுவாக, முறை வைத்துச் செய்வோம் என்கிறோம், அவ்வளவுதான்.

ஒரு நாள் போதும். பக்கத்தில் உள்ள மலையோ ஏரிக்கரையோ காட்டு ஓரமோ தேர்ந்தெடுங்கள். காலையிலிருந்து சாயங்காலம் வரை நாலு பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு தலைவி. இதுவரை பொறுப்பே எடுக்காதவர்களுக்கு முதல் முறை. ஊக்குநரும் பிரதிநிதியும் அன்றைக்கு மூட்டை தூக்க வேண்டும், கேட்டால் மட்டும் யோசனை சொல்ல வேண்டும். கூட்டத்தில் மெதுவாக நடப்பவர் எவரோ, அவர் வேகம்தான் எல்லோருக்கும் வேகம். யாரும் தனியாகப் பின்தங்கக் கூடாது.

சில விஷயங்களில் கவனம் வேண்டும். வனத்துறை நிலம் என்றால் ரேஞ்சர் அலுவலகத்தில் அனுமதி வாங்காமல் போகக் கூடாது. யானை நடமாட்டம் உள்ள பகுதியைத் தவிர்த்துவிடுங்கள். வழி தெரிந்த உள்ளூர்க்காரர் ஒருவர் கூட வரட்டும். குடிதண்ணீர், முதலுதவிப் பெட்டி, சார்ஜ் உள்ள போன் அவசியம். பாம்பு கடித்தால் கீறுவதோ இறுக்கிக் கட்டுவதோ கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, 108-க்கு போன் செய்து உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று ஊரில் ஒருவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். நெருப்பு மூட்டாதீர்கள். கொண்டுபோன பிளாஸ்டிக்கைத் திரும்ப எடுத்து வந்துவிடுங்கள்.

திரும்புவதற்கு முன் வட்டமாக உட்காருங்கள். ஒவ்வொரு தலைவியும் தான் எடுத்த முடிவைப் பற்றிச் சொல்லட்டும். மற்றவர்கள் குறை சொல்வதற்கு முன் நிறையைச் சொல்லுங்கள்.

ஒரு நாள் மலைக்குப் போய் வந்துவிட்டால் எல்லாம் மாறிவிடாது. அங்கே கிடைத்த தைரியத்தை அடுத்த கூட்டத்திலேயே பயன்படுத்தாவிட்டால் அது ஒரு சுற்றுலாவோடு முடிந்துவிடும். அதனால் மூன்று கோரிக்கை வைக்கிறோம். அடுத்த கூட்டத்தை, இதுவரை நடத்தாத ஓர் உறுப்பினர் நடத்தட்டும். வங்கிக்குப் போகும்போது புதியவர் ஒருவரைக் கூட்டிப் போங்கள், பணம் கட்டும் சீட்டை அவரே எழுதட்டும். கூட்டம் முடிந்ததும் பத்து நிமிடம், எது நன்றாக நடந்தது, எதை மாற்றலாம் என்று முகத்துக்கு நேராகப் பேசுங்கள்.

ஊக்குநர் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. இத்தனை வருஷம் சுமந்தீர்கள், அதற்கு நன்றி. நீங்கள் இல்லாத ஒரு மாதமும் குழு தடையில்லாமல் நடந்தால், அது உங்களுக்குக் குறைச்சல் இல்லை, நீங்கள் ஆள் வளர்த்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். எந்தெந்தக் குழு எங்கே போய் வந்தது, யார் யார் புதிதாகத் தலைமை ஏற்றார்கள் என்பதை இந்தச் செய்திமடலுக்கு எழுதி அனுப்புங்கள். எழுதுவதும் புதியவராகவே இருக்கட்டும்.