ஒலிபெருக்கியின் இரு வாய்களும் ஒரு குரலும்

மிருதங்கத்துக்கு இரண்டு முகங்கள் உண்டு. தொப்பி என்னும் இடமுகம் கனத்த ஒலியைத் தரும். வலந்தலை என்னும் வலமுகம் கணீரென்ற ஒலியைத் தரும். பெரிய முகத்துக்குரிய வேலையைச் சிறிய முகத்திடம் எந்த வித்துவானும் கேட்பதில்லை. எதை எங்கே தட்டுவது என்று பிரித்துக் கொடுக்கும் அறிவு வாசிப்பவரிடம் இருக்கிறது.

ஒலிபெருக்கியிலும் இந்தப் பிரிவினை வேண்டியிருக்கிறது. அமெரிக்க ஜெனரல் எலெக்ட்றிக் நிறுவனத்தைச் சேர்ந்த செஸ்ற்றர் றைஸ், எட்வேட் கெலொக் என்னும் இருவர் 1925ஆம் ஆண்டில் அசையும் சுருள் ஒலிபெருக்கியை விளக்கி ஒரு கட்டுரை வெளியிட்டனர். இன்று வீடுகளில் ஒலிக்கும் கூம்பு ஒலிபெருக்கிகள் பெரும்பாலும் அதன் வழிவந்தவையே. கூம்பு எவ்வளவு நன்றாகச் செய்யப்பட்டாலும் அதற்கு ஓர் எல்லை உண்டு. தாழ்ந்த ஒலிக்குப் பெருமளவு காற்றை அசைக்க வேண்டுமாதலால் கூம்பு பெரிதாய் இருத்தல் வேண்டும். உயர்ந்த ஒலிக்கோ அது இலேசாகவும் சிறிதாகவும் இருத்தல் வேண்டும். பெரிய கூம்பு உயர்ந்த ஒலியை எழுப்பினால் அந்த ஒலி விளக்கின் ஒளிக்கற்றைபோல நேர்முன்னே மட்டும் பாயும். பக்கத்தில் அமர்ந்திருப்பவருக்கு மங்கலாகவே கேட்கும். ஆகவே பெட்டியொன்றில் இரண்டு கருவிகளைப் பொருத்துகிறார்கள். தாழ்ந்த ஒலிக்குரியதை வூபர் என்றும் உயர்ந்த ஒலிக்குரியதை டுவீற்றர் என்றும் கடைக்காரர் சொல்வர். இரண்டுக்கும் வேலையைப் பங்கிட்டுக் கொடுப்பது குறொஸ்ஓவர் எனப்படும் பிரிப்பு மின்சுற்று.

அதன் அடிப்படை எளியது. கம்பிச் சுருள், மின்னோட்டத்தின் மீடிறன் உயர உயர அதனை அதிகமாகத் தடுக்கும். கொள்ளளவியோ தாழ்ந்த மீடிறனைத் தடுத்து உயர்ந்ததை விடும். வூபருக்குப் போகும் வழியில் ஒரு சுருளையும் டுவீற்றருக்குப் போகும் வழியில் ஒரு கொள்ளளவியையும் வைத்துவிட்டால் பிரிவினை முடிந்தது. எட்டு ஓம் கருவிகளை 2500 ஹேர்ட்ஸில் பிரிப்பதானால் சுருள் ஏறக்குறைய 0.51 மில்லிஹென்றியும் கொள்ளளவி 8 மைக்கிறோபரட்டும் ஆகும்.

ஆனால் இந்தப் பிரிவினை மிகவும் மென்மையானது. சிறிய டுவீற்றர் பலவற்றுக்கு 1000 ஹேர்ட்ஸ் அளவில் இயற்கையான பரிவு இருக்கும். அவ்விடத்தில் அது தானாகவே துள்ளும். மேற்சொன்ன ஒற்றைக் கொள்ளளவி அங்கே ஒலியை 9 டெசிபெல் அளவுதான் குறைக்கிறது. சற்று உரக்க வைத்தால் டுவீற்றர் கரகரக்கும். தொடர்ந்தால் அதன் மெல்லிய சுருள் எரிந்துபோகவும் கூடும். ஆதலின் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு சுருளும் ஒரு கொள்ளளவியும் சேர்த்து இறக்கத்தைச் செங்குத்தாக்குவது வழக்கம். இதில் பெயர் பெற்ற முறை லிங்விட்ஸ்-றைலி முறை. ஸீக்பிரிட் லிங்விட்ஸ் 1976ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையினால் அது பரவியது. உடன் பணியாற்றிய பொறியியலாளர் றஸ் றைலியின் பெயரும் அதனுடன் சேர்ந்துகொண்டது. அம்முறையின் எளிய வடிவத்தில் அதே 2500 ஹேர்ட்ஸுக்குச் சுருள் 1.02 மில்லிஹென்றி, கொள்ளளவி 4 மைக்கிறோபரட். 1000 ஹேர்ட்ஸில் இது 17 டெசிபெல் குறைக்கும்.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. இந்தச் சுற்றில் இரு பக்கத்து அலைகளும் பிரிவிடத்தில் ஒன்றுக்கொன்று நேர் எதிரான அவத்தையில் வந்து நிற்கும். ஆகவே டுவீற்றரின் நேர், எதிர் முனைகளை வேண்டுமென்றே மாற்றிப் பூட்ட வேண்டும். விபரம் அறியாத திருத்துநர் ஒருவர் பெட்டியைத் திறந்து, “யாரோ பிழையாகப் பூட்டியிருக்கிறார்” என்று நல்லெண்ணத்தோடு அதனைச் “சரி” செய்துவிட்டால், பாட்டின் நடுவில் ஒரு பள்ளம் விழுந்துவிடும்.

வீட்டில் ஒலிபெருக்கி அமைக்க முனைபவர் பெரும்பாலும் ஓர் அட்டவணையைக் கண்டெடுக்கிறார். எட்டு ஓம் என்று கருவியின் முதுகில் அச்சிட்டிருப்பதை நம்பி, அட்டவணை சொல்லும் பெறுமானங்களை வாங்கி, பல மாதச் சேமிப்பைச் செலவிட்டு, பலகை அறுத்துப் பெட்டி செய்து முடிக்கிறார். வானொலியைத் திறந்தால் செய்தி வாசிப்பவரின் குரல் இரண்டு வாய்களிலிருந்து வருவதுபோல் இருக்கிறது. வல்லெழுத்துக்கள் உறைக்கின்றன, குரலின் நெஞ்சு எங்கோ பின்னால் நிற்கிறது. கணக்கில் தவறில்லை. பின் தவறு எங்கே?

எட்டு ஓம் என்பது பெயரளவில் சொல்லப்படுவது. வூபர் ஒன்றின் கம்பித் தடை 6 ஓம் என்றும், அதன் சுருளின் தூண்டுதிறன் அரை மில்லிஹென்றி என்றும் கொள்வோம். 2500 ஹேர்ட்ஸில் அந்தத் தூண்டுதிறன் மட்டுமே ஏறத்தாழ 8 ஓம் அளவுக்குத் தடுக்கும். இரண்டும் சேர்ந்து கிட்டத்தட்ட 10 ஓம் ஆகும். மீடிறன் ஏறினால் இதுவும் ஏறும். நிலையான எட்டு ஓமை எதிர்பார்த்துச் செய்த சுற்று, இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் மேடு கட்டும். அந்த மேடு எழுவது பிரிவிடத்துக்குச் சற்று மேலே. மனிதச் செவி மிகக் கூர்மையாக உணரும் பகுதியும் அதுவே, சொற்களைத் தெளிவாக்கும் மெய்யெழுத்துக்களின் ஓசைகள் பல தங்கியிருக்கும் பகுதியும் அதுவே.

பரிகாரம் விலை குறைந்தது. தொலைபேசித் துறையில் மின்வடிப்புகளை ஆராய்ந்த ஒட்டோ சோபெல் என்னும் அமெரிக்கரின் பெயரால் வழங்கும் சிறு இணைப்பு அது. ஒரு தடையையும் ஒரு கொள்ளளவியையும் தொடராக இணைத்து வூபரின் இரு முனைகளுக்கும் குறுக்கே போட்டுவிட வேண்டும். மேற்சொன்ன வூபருக்குத் தடை 6 ஓம். கொள்ளளவி, தூண்டுதிறனைத் தடையின் வர்க்கத்தால் வகுக்க வருவது, அதாவது 14 மைக்கிறோபரட். இப்போது சுற்றின் கண்ணுக்கு வூபர் அமைதியான 6 ஓமாகத் தோன்றும். ஆகவே பிரிப்புச் சுற்றையும் 6 ஓமுக்கே மீண்டும் கணக்கிட வேண்டும்: சுருள் 0.76 மில்லிஹென்றி, கொள்ளளவி 5.3 மைக்கிறோபரட். எட்டு ஓமுக்குரிய முன்னைய எண்களுடன் இவற்றை ஒப்பிட்டால் அட்டவணை எவ்வளவு தூரம் வழி தவறச் செய்தது என்பது புலனாகும்.

அடுத்தது உரப்பு. டுவீற்றர் பொதுவாக வூபரைவிட உரத்தது. வூபர் 86 டெசிபெல், டுவீற்றர் 90 டெசிபெல் என்றால் நான்கைக் குறைத்தாக வேண்டும். எட்டு ஓம் டுவீற்றருக்கு முன்னே 3 ஓம் தடையொன்றைத் தொடராகவும் 15 ஓம் தடையொன்றைக் குறுக்காகவும் வைத்தால் அது நிறைவேறும். சுற்றும் ஏறக்குறைய அதே எட்டு ஓமையே காணும்.

இனித் தூரம். 2500 ஹேர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 14 சென்றிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. வூபரின் கூம்பு உட்குழிந்திருப்பதால் அதன் ஒலி டுவீற்றரின் ஒலியைவிட இரண்டரைச் சென்றிமீற்றர் பின்னாலிருந்து புறப்படுகிறதென்றால், அவத்தையில் 65 பாகை வித்தியாசம் வந்துவிடுகிறது. இதனோடு, ஒவ்வொரு கருவிக்கும் தானாகவே ஓர் ஏற்றமும் இறக்கமும் உண்டு. செவிக்கு வரும் இறக்கம் மின்சுற்றின் இறக்கமும் கருவியின் இறக்கமும் சேர்ந்த ஒன்று. எனவே காகிதத்தில் சமச்சீராக இருக்கும் சுற்று காற்றில் சமச்சீராக இருப்பதில்லை. நல்ல சுற்றுகள் பல காகிதத்தில் கோணலாகவே தோன்றும்.

இதற்குச் சான்று பி.பி.சி. பொறியியலாளர்கள் 1970களின் முற்பகுதியில் உருவாக்கிய எல்.எஸ். 3/5 ஏ என்னும் சிறு ஒலிபெருக்கி. வெளிக்கள ஒலிபரப்பு வண்டிகளின் நெருக்கமான இடத்துக்கென்று அது செய்யப்பட்டது. ஏறக்குறைய 5 லீற்றர் கொள்ளும் பெட்டி. கெப் நிறுவனத்தின் பி 110 வூபரும் டி 27 டுவீற்றரும். பிரிவிடம் 3000 ஹேர்ட்ஸ் அளவில். அத்தனை சிறிய பெட்டிக்குள் இருந்த பிரிப்புச் சுற்றோ எளிய அட்டவணைச் சுற்றன்று. வூபரின் குரலில் இருந்த மேட்டைத் தணிக்கவும், டுவீற்றரின் உரப்பைக் கருவிக்குக் கருவி திருத்தவும் அதிலே தனி உறுப்புகள் இருந்தன. மனிதக் குரலை உள்ளவாறு சொல்வதில் அது புகழ்பெற்றது. பின்னர் 1980களில் கருவிகளின் தன்மை மாறியபோது, சுற்றையும் புதிதாக வகுக்க வேண்டியதாயிற்று. 15 ஓமாக இருந்த ஒலிபெருக்கி 11 ஓமாயிற்று. பிறர் சுற்றை வாங்கி வேறு கருவியில் பூட்ட நினைப்பவர் இதைக் கவனிப்பது நன்று.

வீட்டில் செய்பவருக்கு அத்தகைய ஆய்வுகூடம் இல்லை. எனினும் சிறிய அளவை ஒலிவாங்கியும் கணினியும் இப்போது பலருக்கு எட்டும் பொருள்கள். அவையும் இல்லாதவருக்கு ஓர் எளிய சோதனை உண்டு. பிரிவிடத்து மீடிறனில் ஒரே சுரத்தை ஒலிக்கச் செய்து, பெட்டியின் நேர்முன்னே இருந்து கேட்க வேண்டும். பின்பு டுவீற்றரின் முனைகளை மாற்றிப் பூட்டிக் கேட்க வேண்டும். ஒரு நிலையில் ஒலி நன்றாக அடங்கிப் போனால் மற்ற நிலையே சரியானது. எந்த நிலையிலும் அடங்கவில்லையென்றால் அவத்தை இன்னும் ஒத்து வரவில்லை. கொள்ளளவியை அரை மைக்கிறோபரட் கூட்டியும் குறைத்தும் பார்க்கலாம்.

உறுப்புகளைப் பற்றிச் சிறிது. சுருளுக்கு நடுவில் இரும்பு இல்லாதிருப்பது நலம். உரத்த ஒலியில் இரும்பு நிறைவடைந்து ஒலியைத் திரிக்கும். கம்பி தடித்ததாயிருக்கட்டும், அரை ஓம் தடையுள்ள மெல்லிய கம்பி அரை டெசிபெலுக்கு மேல் விழுங்கிவிடும். இரண்டு சுருள்களை அருகருகே ஒரே திசையில் படுக்க வைத்தால் ஒன்றின் காந்தப்புலம் மற்றதில் புகும். ஒன்றை நிமிர்த்தி மற்றதைக் கிடத்தி, இடைவெளியும் விட வேண்டும். றேடியோப் பெட்டியின் மின்வழங்கலில் உள்ள, நேர் எதிர் குறிக்கப்பட்ட கொள்ளளவி இங்கே உதவாது.

பரிசோதனைக் காலத்தில் டுவீற்றரை ஒருபோதும் விரியலாக்கியில் நேரடியாகப் பூட்டலாகாது. 10 மைக்கிறோபரட் கொள்ளளவி ஒன்று இடையில் இருக்கட்டும். முதற் பரீட்சைக்குப் பாட்டைவிடப் பேச்சே சிறந்தது. வீட்டில் எல்லோரும் நாள்தோறும் கேட்டுப் பழகிய அறிவிப்பாளர் ஒருவரின் குரலைக் குறைந்த ஒலியில் வைத்துவிட்டு, சுற்றைப் பற்றி எதுவும் அறியாத ஒருவரை அடுத்த அறையிலிருந்து அழைத்துக் கேட்கச் சொல்வது நல்ல வழி.