வடக்கே, கொஞ்சம் கிழக்கே



2023 ஆகஸ்ட் 23, மாலை 6 மணி 4 நிமிடம். சந்திரயான்-3 நிலவில் இறங்கிய நேரம். டிவி இருந்த இடமெல்லாம் கூட்டம். கைதட்டினோம். திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் பக்கத்து விழுப்புரத்துக்காரராச்சே என்று பெருமைப்பட்டுக்கொண்டோம். ஒன்றை மட்டும் கோட்டை விட்டோம்.

அன்றைக்கு வளர்பிறை சப்தமி. நாம் டிவி பார்த்துக்கொண்டிருந்தபோது, தெற்கு வானத்தில் நல்ல உயரத்தில் ஏறக்குறைய அரைநிலா நின்றிருந்தது. சந்திரயானின் தரையிறங்கு கலமான விக்ரம் இறங்கிய இடத்தில் பொழுது விடிந்து அதிக நேரமாகவில்லை. சூரிய ஒளியில் ஓடும் கருவி அது, இருட்டில் இறங்கி என்ன செய்யும்? அதனால்தான், நம் கண்ணுக்கு வெளிச்சமாகத் தெரிந்த பாதியின் தென்கோடியில் போய்க் கால் ஊன்றியது. மேகம் மட்டும் வழிவிட்டிருந்தால், வாசலுக்கு வந்து தலையைத் தூக்கியே அந்தப் பக்கத்தைப் பார்த்திருக்கலாம்.

முன்பெல்லாம் இப்படி இல்லை. நம் உத்திரமேரூர் ஏரிப்பாசன ஊர். ஏற்றம் இறைக்கவும் ஏர் பூட்டவும் விடிவெள்ளியைப் பார்த்துக் கிளம்பினார்கள் நம் பெரியவர்கள். களத்து நெல்லுக்குக் காவல் படுத்தவர்களுக்கு, ஆறுமீன் என்கிற நட்சத்திரக் கூட்டம் எங்கே சாய்ந்திருக்கிறது என்பதுதான் கடிகாரம். அவர்களுக்கு வானம் முதலில் வேலை, அப்புறம்தான் வியப்பு. மணி பார்க்க வானம் தேவையில்லை என்று ஆனதும் நிமிர்ந்து பார்க்கும் பழக்கம் போயிற்று. கூடவே வியப்பும் போயிற்று. தெருவிளக்கு மேல் முழுப் பழியையும் போடுவது நியாயமில்லை. மின்சாரம் போன இரவிலும் நாம் செல்போனைத்தானே பார்க்கிறோம்?

இத்தனைக்கும் ராக்கெட் கிளம்பும் ஸ்ரீஹரிகோட்டா நமக்கு நேர்கோட்டில் 130 கிலோமீட்டர் போலத்தான். 2024 டிசம்பர் 30 இரவு 10 மணிக்கு அங்கிருந்து பி.எஸ்.எல்.வி. சி-60 ராக்கெட் கிளம்பியது. அது கொண்டுபோன, தலா 220 கிலோ எடையுள்ள இரண்டு செயற்கைக்கோள்களும் 2025 ஜனவரி 16 அன்று விண்ணிலேயே ஒன்றோடொன்று இணைந்தன. இதைச் செய்துகாட்டிய நாலாவது நாடு இந்தியா.

இப்படி ஒரு ராக்கெட் இரவில் கிளம்பி, வானமும் தெளிவாக இருந்தால், பனைமரத் தலைக்கு மேலே ஆரஞ்சு நிறத்தில் ஒரு சுடர் எழும்பும். சத்தமே இருக்காது. மெல்ல வலப்பக்கம், கடல் மேலே சாயும். இரண்டு நிமிடம் ஆவதற்குள் முதல் அடுக்கு எரிந்து தீரும். வெளிச்சம் பொசுக்கென்று மங்கும். முடிந்துவிட்டது என்று கீழே இறங்கிவிடாதீர்கள். அடுத்த அடுக்கு பற்றிக்கொண்டு, சின்னப் புள்ளியாக இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்.

ஏவும் நாளும் நேரமும் முன்கூட்டியே செய்தியில் வந்துவிடும். இரவு நேரமாக இருந்தால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறுங்கள். முகம் வடக்கே, கொஞ்சம் கிழக்கே இருக்கட்டும். இன்னொன்று: சபை கூடிப் பேசுவது இந்த ஊருக்குப் புதிதில்லை, ஆயிரம் வருஷத்துக்கு மேற்பட்ட கல்வெட்டே சாட்சி. சுற்றுவட்டாரக் கிராமங்களில் இருப்பவர்கள் அடுத்த கிராமசபையில் ஒரு மனு கொடுங்கள்: தெருவிளக்கு தெருவைப் பார்க்கட்டும், வானத்தைப் பார்க்க வேண்டாம்.